300 ஆண்டு காவல்!

அணுமின் நிலையத் தொழிலாளி கழற்றிய கையுறையைக்கூட சில வேளை குப்பையில் வீச முடியாது. கதிரியக்கம் ஒட்டியிருக்கும்!

பிரான்சு நாட்டில் ஓப் என்ற பகுதியில் இந்தக் கழிவுக்கென்றே கான்கிரீட் அறைகள் கட்டியிருக்கிறார்கள். 1992-ம் ஆண்டு தொடங்கியது. பீப்பாய்களை அடுக்கி, மூடிவிடுகிறார்கள்.

இதற்குப் பகை எது தெரியுமா? தண்ணீர்தான்! 1976-ல் அந்நாட்டின் பழைய மான்ஷ் கிடங்கில் இருந்து டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கசிந்து, ஓடையில் கலந்துவிட்டது.

ஓப் கிடங்கில் அறை நிரம்பும்வரை மழை படாமல் நகரும் கூரை நிற்கிறது. அடியில் சுரங்கப்பாதை. அறைக்குள் தண்ணீர் இறங்கினால் அங்கே தெரிந்துவிடும்.

சீசியத்தின் கதிரியக்கம் 30 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 300 ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே, கிடங்கை மூடிய பிறகும் 300 ஆண்டு காவல் உண்டு. இன்றைய காவலாளியின் பத்தாம் தலைமுறைப் பிள்ளையும் அங்கே தண்ணீரைச் சோதிக்க வேண்டியிருக்கும்!