நிறுத்திவைத்த வண்டியும் எலியும்

கோடை விடுமுறை வந்துவிட்டால், டில்லியிலும் நாக்பூரிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் பலர் குடும்பத்துடன் ரயிலேறிச் சொந்த ஊர் செல்கின்றனர். வீட்டைப் பூட்டுகிறோம், சாவியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைக்கிறோம், துளசிக்கு நீர் வார்க்கவும் ஏற்பாடு செய்கிறோம். வாசலில் நிற்கும் காரை மட்டும் உறையிட்டு மூடிவிட்டு மறந்துவிடுகிறோம். ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் வண்டி அசைவதில்லை. முகப்பு மூடியைத் தூக்கினால், பஞ்சும் கந்தலும் சேர்த்துக் கட்டிய கூடு ஒன்று. அருகே கடித்துத் துண்டித்த மின்கம்பிகள்.

வண்டி கிளம்பாவிட்டால் நஷ்டம் பணத்தோடு நின்றுவிடும். கிளம்பிய வண்டியில் பெட்ரோல் குழாயோ பிரேக் குழாயோ கடிபட்டிருந்தால், அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே இதனைச் சிறு விஷயம் என்று ஒதுக்குதல் தகாது.

எலி ஏன் வண்டியை நாடுகிறது? அதற்கு வேண்டுவன மூன்று: இருள், கதகதப்பு, பகைவர் எட்டாத இடம். ஓடாமல் நிற்கும் வண்டியில் இம்மூன்றும் ஒருங்கே அமைகின்றன. இருக்கைக்கடியில் குழந்தைகள் சிந்திய முறுக்குத் துணுக்குகள் கிடந்தால் உணவும் ஆயிற்று. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. எதையேனும் கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கம்பியின் மேலுறை அதற்கு வசதியாக அகப்படுகிறது.

எல்லாவற்றையும் எலி என்றே நாம் சொல்லிவிடுகிறோம். கம்பியைக் கடிப்பவை சுண்டெலியும் வீட்டெலியும் பெருச்சாளியும் ஆகும். மூஞ்சூறு கொறிக்கும் இனத்தைச் சேர்ந்ததன்று. அது பூச்சிகளைத் தின்று வாழ்வது. பிள்ளையாருக்கு மூஞ்சூறு வாகனம் என்பர். எலிக்கோ நம் வாகனமே வீடு!

ஆறு வார விடுமுறை எலிக்குப் போதுமான காலமா என்று கேட்கலாம். சுண்டெலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 20 நாட்கள். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் பிறக்கும். ஈன்ற ஓரிரு நாட்களிலேயே தாய் மீண்டும் சினையாகிவிடக்கூடும். நாம் ஊருக்குப் புறப்பட்ட அன்று ஒரு சினை எலி நுழைந்திருந்தால், திரும்பி வரும்போது இரண்டாம் ஈற்றையும் கண்டிருக்கும்.

எனவே, எலியை விரட்டுவதிலும் அது நுழையாமற் காப்பதே அறிவுடைமை. சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது பென்சில் பருமனுள்ள துளை, போதும். தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும். காரில் முக்கியமான வழி, முன் கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று உட்செல்லும் வாய். அதற்கு நெருங்கிய கண்ணுள்ள கம்பிவலை பொருத்துமாறு மெக்கானிக்கிடம் சொல்லலாம். வடநாட்டுக் கடைகளில் ‘ஜாலி’ என்று கேட்டால் அத்தகைய வலையை எடுத்துத் தருவார்கள். மழைநீர் வடியும் துளைகளை அடைத்துவிடக்கூடாது. சூடேறும் புகைக்குழாயின் அருகே துணியோ பஞ்சோ திணித்தல் தீவிபத்துக்கு வழி.

கேரவன் எனப்படும் வீட்டுவண்டி வைத்திருப்போர்க்குக் கவலை இன்னும் அதிகம். அதிலே படுக்கையும் சமையலறையும் இருக்கின்றன; தண்ணீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் தரையில் துளைகள் இட்டிருக்கிறார்கள். குழாயைச் சுற்றியுள்ள சந்துகளில் இரும்புக் கம்பிப் பஞ்சைத் திணித்து, மேலே அடைப்புப் பசை பூசவேண்டும். பசையை மட்டும் பூசினால் எலி கடித்தெறிந்துவிடும். மின்கம்பிக்கு அருகே இரும்புப் பஞ்சு ஆகாது; அங்கே ரப்பர் வளையத்தைச் சரிபார்த்து மாற்றுவதே முறை.

இரண்டாவது காரியம் துப்புரவு. புறப்படுமுன் வண்டியின் உள்ளே பெருக்கி, பிஸ்கட், காகிதக் கைக்குட்டை, பழந்துணி முதலியவற்றை அகற்றுக. குப்பைத்தொட்டி, புதர், விறகுக் குவியல் ஆகியவற்றுக்கு அருகே வண்டியை நிறுத்தற்க. மூன்றாவது காரியம், நம்பிக்கையான ஒருவர் வாரம் ஒருமுறை முகப்பு மூடியைத் தூக்கிப் பார்த்து, பழுதில்லையெனில் சற்றுத் தூரம் ஓட்டிவருவது. அடிக்கடி அசையும் வீட்டில் எலி குடியிருக்க விரும்பாது.

புகையிலை, நாப்தலின் உருண்டை, புதினா எண்ணெய் இவற்றை வைத்தால் போதும் என்று பலரும் சொல்கின்றனர். வாசனை சில நாட்களில் மங்கிவிடும். எலியும் அதற்குப் பழகிவிடும். இவற்றை மட்டும் நம்பி ஊருக்குப் போகலாகாது.

நஞ்சு வைப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நஞ்சுண்ட எலி வண்டியின் எட்டாத மூலையில் செத்து நாறும். அதைவிடக் கொடியது, அந்த நஞ்சு குழந்தையின் கைக்கு அகப்படுவது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை கல்லீரலை அழிக்கும். அதற்கென்று மாற்றுமருந்து கிடையாது. எலி ஒட்டிக்கொள்ளும் பசைப்பலகையைப் பல மாநில அரசுகள் தடைசெய்துள்ளன. பொறி வைப்பதே நலம். எலி சுவரோரமாக ஓடும் இயல்புடையது. ஆதலால் பொறியைச் சுவரோரமாக வைக்கவேண்டும். வீட்டெலி புதுப்பொருளைக் கண்டு அஞ்சும். இரண்டு மூன்று நாட்கள் பொறியைப் பூட்டாமல் இரை மட்டும் வைத்துப் பழக்கிவிட்டுப் பிறகு பூட்டினால் அகப்படும். ஆனால் பொறியை நாள்தோறும் பார்க்க ஆள் வேண்டும். ஆகையால் பயணத்துக்கு முந்திய வாரமே இதற்கு ஏற்றது.

ஊரிலிருந்து திரும்பியதும் உடனே வண்டியைக் கிளப்பவேண்டாம். முதலில் கதவுகளைத் திறந்து அரைமணி நேரம் காற்றோட விடுங்கள். எலிப்புழுக்கை தென்பட்டால் உலர்ந்தபடியே பெருக்கலாகாது. தூசியோடு கிருமிகள் எழும். கையுறை அணிந்து, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தில் ஒன்பது பங்கு நீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுக்கவேண்டும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவுகிறது. சில நாட்களுக்குப் பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் கண்டால், எலி இருந்த இடத்தைச் சுத்தம் செய்த செய்தியை மருத்துவரிடம் மறவாமல் சொல்லவேண்டும்.

அதன்பின் முகப்பு மூடியைத் தூக்கிக் கம்பிகளையும் குழாய்களையும் பாருங்கள். பெட்ரோல் வாடை வீசினாலும், வண்டியின் கீழே ஈரம் படிந்திருந்தாலும், சாவியைத் தொடாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

வீட்டுக்குப் பூட்டு ஒன்று போதும். வண்டிக்கோ பென்சில் நுழையும் சந்து ஒவ்வொன்றும் ஒரு வாசல். ரயிலேறுமுன் அவ்வாசல்களை அடைக்க ஒரு பிற்பகல் ஒதுக்கினால், ஊரில் இருக்கும் நாட்களை மனக்கவலையின்றிக் கழிக்கலாம்.