பரங்கிமலைப் பீரங்கியும் ஒலியின் வேகமும்

ஆரணியாற்றில் துணி துவைப்பவரை எதிர்க்கரையிலிருந்து பார்த்திருக்கிறீர்களா, தோழியரே? துணி கல்லில் விழுவது முதலில் தெரியும். 'டப்' என்ற ஓசை சற்றுப் பிந்தியே வரும். ஒளி மிக விரைவாகவும் ஒலி மெதுவாகவும் வருவதே காரணம் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். எவ்வளவு மெதுவாக? இதை அளப்பதற்காக நம் சென்னையிலேயே இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் பீரங்கி ஓசையை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பாடநூலும் சொல்வதில்லை!

முதலில் ஒலி பிறக்கும் விதத்தைப் பார்ப்போம். பள்ளி மணியை அடித்தவுடன் அதன் விளிம்பை விரல் நுனியால் மெல்லத் தொட்டால் ஒரு நடுக்கம் தெரியும். கையால் இறுகப் பிடித்தால் நடுக்கம் நிற்கும். உடனே ஓசையும் நிற்கும். அதிரும் உலோகம் வெளியே தள்ளும்போது பக்கத்துக் காற்று நெருங்குகிறது. உள்ளே திரும்பும்போது நெகிழ்கிறது. இந்த நெருக்கமும் நெகிழ்வும் மாறி மாறிப் பரவுவதே ஒலி அலை.

அப்படியானால் மணியருகே இருந்த காற்று நம் காதுவரை வருகிறதா? இல்லை. காலை வழிபாட்டுக்கு வரிசையாக நிற்கிறோம். கடைசியில் நிற்பவள் முன்னால் இருப்பவளைத் தள்ளினால், அவள் அடுத்தவள்மேல் சாய்ந்துவிட்டுத் தன் இடத்திலேயே நிமிர்ந்துகொள்வாள். தள்ளல் மட்டும் வரிசையின் முன்வரை போய்விடும். (திட்டு வாங்குபவள் எப்போதும் முதலில் நிற்பவள்தான்!) காற்றின் மூலக்கூறுகளும் அப்படியே. வரிசையில் ஆளே இல்லையென்றால் தள்ளலும் இல்லை; ஆகவே வெற்றிடத்தில் ஒலி செல்லாது.

இனிப் பீரங்கிக்கு வருவோம். நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு வானாய்வுக் கூடம் கட்டினர். அங்கே வானியலாளராக இருந்தவர் ஜான் கோல்டிங்காம். புனித ஜார்ஜ் கோட்டையிலும், பரங்கிமலை அடிவாரத்துப் படைமுகாமிலும் அந்நாளில் பீரங்கி வெடிப்பது வழக்கம். கூடத்திலிருந்து கோட்டை நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பரங்கிமலை சுமார் ஒன்பது கிலோமீட்டர். பீரங்கியின் ஒளி தெரிந்த நொடிமுதல் ஓசை கேட்கும்வரை எத்தனை விநாடி என்று கடிகாரம் வைத்து எண்ணினார்கள். ஒருநாள் இருநாள் அல்ல. 1820, 1821 ஆண்டுகளில் மாதக்கணக்காக! அன்றைய வெப்பநிலை, காற்றின் திசை முதலியவற்றையும் விடாமல் குறித்தார்கள். இவ்வளவு பொறுமை நமக்கு வருமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

முடிவுகள் 1823இல் லண்டன் ராயல் கழகத்தின் இதழில் வெளிவந்தன. மார்கழிக் குளிரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,100 அடியும், ஆடி மாதத்தில் ஏறத்தாழ 1,160 அடியும் சென்றது. வெப்பம் ஏறினால் மூலக்கூறுகள் துடிப்பாக இயங்கித் தள்ளலை விரைவாகக் கைமாற்றும். ஒரு டிகிரி செல்சியசுக்கு விநாடிக்கு 0.6 மீட்டர் வீதம் வேகம் கூடும். ஆனால் சென்னையின் குளிருக்கும் வெயிலுக்கும் உள்ள வேறுபாடு மட்டும் 60 அடியைத் தந்துவிடாது. காற்றடிக்கும் திசைக்கும் பங்கு உண்டு. பரங்கிமலை நுங்கம்பாக்கத்திற்குத் தென்மேற்கே இருக்கிறது. ஆடிக்காற்று அங்கிருந்து வரும் ஓசைக்குத் துணை. மார்கழி வாடை அதற்கு எதிர். மேலே சொன்ன வரிசை முழுவதும் முன்னோக்கி நடந்துகொண்டிருந்தால் தள்ளல் இன்னும் விரைவில் போய்ச் சேரும் அல்லவா?

பரங்கிமலை ஓசை நுங்கம்பாக்கம் வந்து சேர ஏறத்தாழ 26 விநாடி ஆகும். இந்த எண்ணிக்கை நம் ஊருக்கு மிகவும் வேண்டியது. மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு என்று விநாடிகளை எண்ணுங்கள். இடி கேட்டதும் அதை மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டரில் என்று தெரியும். நடவு வயலில் நிற்கும் நம் வீட்டுப் பெரியவர்கள், "இடி எங்கேயோ தூரத்தில்தானே" என்று வேலையைத் தொடர்வார்கள். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் அது தூரமே அல்ல; அடுத்த மின்னல் அவர்கள் நிற்கும் வயலிலேயே இறங்கலாம். உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். பனைமரத்தடியிலோ புளியமரத்தடியிலோ ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி வயலில் கால் வைக்க வேண்டும்.