டிராகன் படகில் 24 பெண்கள்!
டாக்டர்களின் பயம் பொய்த்தது

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களுக்கு டாக்டர்கள் அந்தக் காலத்தில் சொன்ன புத்திமதி: "கனமா எதையும் தூக்காதீங்க. கை வீங்கிடும்!"

"இது சரிதானா?" என்று சோதித்துப் பார்த்தார், கனடா நாட்டு டாக்டர் டான் மெக்கென்சி. 1996-ம் ஆண்டு வான்கூவர் நகரில், புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைப் படகுப் பந்தயத்துக்குத் தயார் செய்தார்.

டிராகன் படகு

சீனாவில் தோன்றிய நீளமான படகு இது. முகப்பில் டிராகன் தலை. ஜோடி ஜோடியாக 20 பேர் துடுப்புப் போடுவார்கள். முன்னால் ஒருவர் முரசு கொட்டுவார். அந்தச் சத்தத்துக்கு எல்லாத் துடுப்பும் ஒன்றாக விழ வேண்டும். ஒருவர் பிசகினாலும் வேகம் போச்சு!

முடிவு என்ன?

பயந்தபடி புதிதாக யாருக்கும் கை வீக்கம் வரவில்லை. சோதனை முடிந்தது. ஆனால் பெண்கள் படகை விடவில்லை! பக்கத்தில் இருப்பவளுக்கும் அதே தழும்பு, அதே பயம். எதையும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கரையேறினால் ஒரே சிரிப்பு, அரட்டைதான்.

இன்று பல நாடுகளில் இப்படிப்பட்ட அணிகள் உள்ளன. 2023-ல் நியூசிலாந்தில் சர்வதேச விழாவே நடந்தது.

இந்த விழாக்களில் ஒரு வழக்கம் உண்டு. படகுகளை அருகருகே சேர்த்து நிறுத்துவார்கள். மறைந்த தோழிகளை நினைத்து, ரோஜா நிறப் பூக்களைத் தண்ணீரில் போடுவார்கள்.