ஓட்டுச் சீட்டும் சம்பளச் சீட்டும்

தேர்தல் வந்தால் லயத்து வாசல்வரை கார் வருகிறது. தேர்தல் முடிந்தால் கேட்க நாதியில்லை. "யாரு ஜெயிச்சா நமக்கென்ன, விடிஞ்சா பெரட்டுக்குப் போகணும்" என்று நம்மில் பலர் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஓட்டு எண்ணும் முறைக்கும் நம் கையில் விழும் காசுக்கும் தொடர்பு உண்டு.

நம் நாட்டில் ஒரு தொகுதியில் யாருக்கு அதிக ஓட்டோ அவருக்கே வெற்றி. மற்றவர்களுக்கு விழுந்த ஓட்டு கணக்கில் நிற்காது. 2013 தேர்தலில் சுமார் 47 விழுக்காடு ஓட்டு பெற்ற தேசிய முன்னணி 222 இடங்களில் 133 இடங்களைப் பிடித்தது. சுமார் 51 விழுக்காடு பெற்ற எதிரணிக்கு 89 இடங்கள்தாம்.

தொகுதிகளும் ஒரே அளவில்லை. 2022 தேர்தலில் சிலாங்கூர் பாங்கியில் 3 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். சரவாக் ஈகானில் சுமார் 28 ஆயிரம் பேர். ஆளுக்கு ஓர் உறுப்பினர்தான். தோட்டம் துண்டாடப்பட்டு, பட்டணத்து மலிவு வீடுகளுக்குப் போன நம்மவர் பலர் பெரிய தொகுதிகளில் கரைந்துவிட்டனர். எந்த நாடாளுமன்றத் தொகுதியிலும் நாம் பெரும்பான்மை இல்லை. சிதறிக் கிடப்பவன் குரல் இந்த முறையில் எடுபடுவது கடினம்.

நியூசிலாந்து 1996 முதல் வேறு முறைக்கு மாறியது. அங்கே கட்சி பெறும் ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப இடம் கிடைக்கிறது. சிதறிய ஓட்டும் சேர்ந்து எண்ணப்படும். ஆனால் பல கட்சிகள் கூடிப் பேசித்தான் ஆட்சி அமைக்க வேண்டும், முடிவு தாமதமாகலாம்.

நம் முறையிலும் போட்டி கடுமையானால் பலன் உண்டு. 2008-இல் ஆளுங்கூட்டணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. 2011-இல் குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சட்டம் வந்தது. 2013-இல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2025-இல் 1,700 வெள்ளி. தொழிற்சங்கங்கள் ஆண்டாண்டாய்ப் போராடியதும் இதற்குக் காரணம். ஆனால் நாற்காலி ஆடும்போதுதான் ஏழையின் சொல் மேலே கேட்கிறது.

2021 டிசம்பர் முதல் 18 வயதானோர் பெயர் தானாகவே பட்டியலில் சேர்கிறது. குடிமாறியவர்களே, அடையாளக் கார்டில் முகவரியை மாற்றியதோடு நிற்காதீர்கள். தேர்தல் ஆணையத்திலும் மாற்றுங்கள். இல்லையேல் ஓட்டு பழைய தோட்டத்திலேயே கிடக்கும். பால் வெட்டாத மரமும் போடாத ஓட்டும் ஒன்றுதான். இரண்டாலும் வீட்டில் உலை கொதிக்காது.