தவிடும் திருவமுதும்

சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில், உயிரை மும்மலமும் பற்றிநிற்கும் முறைமைக்கு நெல்லின் முளையும் தவிடும் உமியும் உவமையாக எடுத்தோதப்பட்டிருத்தல் சித்தாந்தம் பயில்வார் அனைவரும் அறிந்ததே. உமியை ஆணவத்திற்கும், தவிட்டை மாயைக்கும், முளையைக் கன்மத்திற்கும் பொருத்திப் பாடஞ் சொல்லுதல் மரபு. இவ்வுவமையினின்றும், நூலாசிரியர் கனவினுங் கருதாத ஒரு கொள்கை கிளைத்து, நம் அன்பர் ஒருவரது அடுக்களையிற் புகுந்து நிற்றலை அண்மையிற் கண்டேம். அதுபோல்வது பிறர் மனைகளிலும் இருத்தல் கூடுமாகலின், அதனை ஈண்டு ஆராயப் புகுந்தேம்.

அவ்வன்பர் எம்மிடத்துச் சித்தியார் பாடங் கேட்டுவருபவர். தீக்கை பெற்று நாடோறும் ஆன்மார்த்த பூசை செய்பவர். வீட்டில் ஆக்கிய சோற்றிலிருந்து முதற்கண் எடுத்துப் பெருமானுக்குத் திருவமுதாகப் படைத்த பின்னரே, அவ்வுலையிற் சோற்றைத் தாமும் மனையவரும் உண்ணுதல் அவர் நியமம். (நிவேதனப் பொருளிற் சண்டேசுரர் பங்கு முதலியன பற்றிய ஆராய்ச்சி வேறு; அது ஈண்டைக்கு வேண்டா.) அவருக்கு நீரிழிவு கண்டமையின், தீட்டிய வெள்ளரிசியை விடுத்துக் கைக்குத்தலரிசியை அளவறிந்து உண்ணுமாறு மருத்துவர் பணித்தனர். அன்றுதொட்டு அவர் மனையில் இரண்டு உலை ஏறின. வெள்ளரிசி பெருமானுக்கு, கைக்குத்தல் அவருக்கு. காரணம் வினவினேம். அவர் சொல்லியது இது:

"ஐயா, தவிடு மாயாமலத்திற்கு உவமை என்று தாங்கள்தாமே பாடஞ் சொல்லினீர்கள். மலத்தோடு கூடிய அரிசியைப் பெருமானுக்கு எங்ஙனம் படைப்பேன்? அடியேனோ மலமுடையேன், எனக்கு அது தகும். ஆயினும், பெருமானுக்கு ஏற்றிய உலை வேறு, யான் உண்ணும் உலை வேறு என்றாயிற்றே என்று ஒவ்வொரு நாளும் நெஞ்சு உறுத்துகின்றது."

பாடஞ் சொல்லிய வாயே பிழைக்கு இடஞ்செய்தது போலும் என்று நாணினேம். அவர் தீய எண்ணத்தாற் செய்தாரல்லர். பெருமானுக்குத் தூயதே தரவேண்டும் என்னும் அன்பினாற் செய்தார். அன்பு நேரிது, உவமையை அவர் கொண்ட வாறுதான் நேரிதன்று.

உவமையாவது பொருளை ஒருபுடையான் விளக்குவதேயன்றி எல்லாப் புடையானும் விளக்குவதன்று. முகத்திற்குத் திங்களை உவமை கூறியவழி, திங்களின் மறுவையும் தேய்வையும் முகத்திற்கு ஏற்றுவார் இலர். நெல்லுவமையால் ஆசிரியர் விளக்கக் கருதியது யாது? உமியும் தவிடும் முளையும் அரிசி தோன்றிய பின்னர் வேறிடத்தினின்றும் வந்து ஒட்டிக்கொண்டனவல்ல. நெல் உளதாம்பொழுதே உடனுளவாயின. உடனுளவாயினும் அரிசியின் வேறாய் நீக்கப்படுந் தன்மையன. அவ்வாறே மலங்களும் உயிரோடு அநாதியே உளவாயினும் உயிரின் இயல்பு ஆகா, நீங்குந் தன்மையன. இவ்வளவே கருத்து. செம்பும் களிம்பும் பிறிதோரிடத்து உவமையாயதும் இது பற்றியே. உவமையாற் செம்புக் குடத்திற்கு எவ்வாறு இழிவு வந்திலதோ, அவ்வாறே தவிட்டிற்கும் இழிவு வந்திலது.

உவமைப் பொருளுக்கு உவமேயத்தின் குற்றத்தை ஏற்றுவதாயின் விளைவன பல. முளை கன்மத்திற்கு உவமையாயிற்று. ஆகலின் முளை இழிந்தது என்போமாயின், திருவிழாத் தொடக்கத்தினும் குடமுழுக்கினும் முளைப்பாலிகை இடுவது எற்றுக்கு? உமி மூலமலத்திற்கே உவமையாயிற்று. கோமயவுருண்டைகளை உமியும் பதருமிட்டு மூடித் தீயூட்டித் திருநீறு விளைவிக்கின்றோமே. ஆணவத்திற்கு உவமையான பொருள் திருநீற்றிற்குத் துணையாகலாகாது என்பார் எவரேனும் உளரோ? முளையும் உமியும் பிழைத்தன. தவிடு ஒன்றுதானா குற்றவாளி!

இனி, உவமையைச் சிறிது நீட்டியே பார்ப்போம் என்பார்க்கும் விடை உண்டு. சித்தாந்தத்தில் மாயை, ஆணவம் போல மறைத்தல் ஒன்றே செய்வதன்று. உடம்பும் கருவியும் உலகும் நுகர்பொருளும் ஆகிய தனு கரண புவன போகங்களாய் விரிந்து, ஆணவ இருளிற் கிடந்த உயிர்க்குச் சிறிது அறிவு விளங்கச் செய்வது அது. திருவருட்பயனுள் உமாபதிசிவாசாரியர் மாயையை விடியுமளவும் உதவும் விளக்கொடு ஒப்பித்தமையும் நினைவுகூரத் தக்கது. விடிந்த பின்னர் விளக்கு வேண்டா என்பது மெய். நள்ளிரவில் அதனை ஊதி அணைத்துவிட்டு, யான் தூய்மை செய்தேன் என்பான் அறிவுடையனாகான். உடம்போடு நிற்குமளவும் உடம்பிற்குத் துணையாவதை வேண்டாவென்று களைதல் அதனோடு ஒக்கும். திருமூலரும், உடம்பை இழிவாக எண்ணியிருந்த நிலை மாறி, அதனுள் இறைவன் கோயில் கொண்டமை கண்டு அதனைப் பேணியதாகவே கூறினர்.

தவிடு உடம்பிற்குத் துணை என்பதற்குச் சான்று என்னை எனின், அதனைச் சிறிது விரித்துரைப்பேம். நெல்லில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு உமி. அது மக்கள் வயிற்றிற்கு ஆகாது. உமி நீங்கிய அரிசியின் மேல் செம்மையோ பழுப்போ ஆன மெல்லிய போர்வை ஒன்று உண்டு, அதுவே தவிடாவது. அரிசியின் ஒரு முனையிற் கரு உறங்குகின்றது. பொறியிலிட்டு வெண்மை தோன்றத் தீட்டும்பொழுது போர்வையும் போகின்றது, கருவும் பெயர்ந்துபோகின்றது. கடையரிசி ஒன்றை எடுத்து நோக்குவார்க்கு அதன் முனையில் சிறு பள்ளம் ஒன்று புலனாகும். அது கரு இருந்த இடம். பூசைக்கு முனை முறியாத அரிசி வேண்டுமென்று பொறுக்கி எடுக்கும் நாம், முனையிற் கரு இழந்த அரிசியைத்தான் முழுவரிசி என்று நம்பிக் கொண்டிருக்கின்றோம்.

போகும் பொருளின் அருமையை உலகம் அறிந்தது சாவகத்தீவில். அங்கே கால் மரத்து வலியிழந்து, நெஞ்சு தளர்ந்து மாயும் பெரிபெரி என்னும் நோய் மிக்கிருந்தது. 1890-ஐ அடுத்த ஆண்டுகளில் எய்க்மான் என்னும் ஒல்லாந்து மருத்துவர், தம் ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் துவண்டு விழுதலைக் கண்டனர். அவற்றிற்குப் படைமருத்துவமனை மடைப்பள்ளியில் மிஞ்சிய வெள்ளரிசிச் சோறு இடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படையினர்க்குரிய அரிசியைக் கோழிகளுக்கு ஈயேன் என்று மறுத்தனராம். தீட்டாத அரிசியை உண்ணத் தொடங்கியபின் கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டிலுள்ள பொருளொன்றே இதற்குக் காரணமென்பது பின்னர்த் தெளியப்பட்டது. 1926-ல் அத்தீவிலேயே யான்சென், தோனாத் என்னும் இருவர் அப்பொருளைத் தவிட்டினின்றும் பளிங்குருவிற் பிரித்தெடுத்தனர். தயமின் என்று இன்று வழங்கும் உயிர்ச்சத்து அதுவே. எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசில் கிடைத்தது. மறுத்த சமையற்காரர்க்கு ஒன்றுங் கிடைத்ததாகத் தெரியவில்லை.

சோற்றின் மாப்பொருள் உடம்பில் ஆற்றலாக மாறுதற்குத் தயமின் இன்றியமையாதது. தவிடு நீக்காத அரிசி 100 கிராமில் ஏறக்குறைய 0.4 மில்லிகிராம் அஃது உண்டு. நன்கு தீட்டியதில் அதன் ஐந்திலொரு பங்கு எஞ்சுதலும் அரிது. நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. பழைய சென்னை மாகாணத்தின் வடபால், தீட்டிய பச்சரிசியையே உண்ட தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களிற் பெரிபெரி வழங்கிற்று. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அஃது அரிதாயிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்பொழுது தவிட்டினும் கருவினும் உள்ள சத்தில் ஒரு பகுதி அரிசியினுள்ளே இறங்கிவிடுதலே காரணம். புழுக்கிய நெல் முளையாது. ஆயினும் அதன் சத்து அழியாது. நம் பாட்டிமார் இதனை நூல் கற்று அறிந்தாரல்லர்.

நீரிழிவுடையார்க்குத் தவிட்டின் நார் பிறிதோர் உதவி செய்கின்றது. மாப்பொருள் சர்க்கரையாய்க் குருதியிற் கலக்கும் விரைவை ஓரளவு தாழ்ப்பிக்கின்றது. ஓரளவு என்றதனை மறவற்க. கைக்குத்தல் என்னும் பெயர்கொண்டு வரையின்றி உண்பாரை அது காவாது.

இத்துணையும் கேட்ட அன்பர், "உடம்பிற்கு நல்லதென்பது சரி; பெருமானுக்கு உடம்பு நோயில்லையே" என்றார். கூர்ந்த கடாவே. அதற்கு விடை அரிவாட்டாய நாயனார் வரலாற்றில் இருக்கின்றது. கணமங்கலத்துத் தாயனார் செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவும் பெருமானுக்கு நாடோறும் படைத்தார். வளம் சுருங்கிக் கூலிக்கு நெல்லறுத்த காலத்தும், கூலியாகப் பெற்ற செந்நெல்லைப் பெருமானுக்கு ஆக்கி, கார்நெல்லைத் தாம் உண்டார். எங்கும் செந்நெல்லே விளைந்து கார்நெற் கூலி கிடையாதொழிந்தபோது, செந்நெல்லிற் கைவையாது, கொல்லைக் கீரையையும், அதுவும் தீர்ந்தபின் தண்ணீரையும் உண்டிருந்தார். (செந்நெல்லின் செம்மை உமியினதோ அரிசியினதோ என்று இங்கு வழக்கிட வேண்டா.) நாயனார் மனையிலும் பெருமானுணவும் தம்முணவும் வேறாயின. எவ்வாறு வேறாயின? மேலானது பெருமானுக்கு, தாழ்ந்தது தமக்கு. நம் அன்பர் மனையில், மேலானது இன்னதென்று மருத்துவர் வாயிலாக அறிந்தபின்னும், அதனைத் தாம் உண்டு, சத்திழந்ததைப் பெருமானுக்குப் படைத்தல் நிகழ்ந்தது. பெருமானுக்கு நோயில்லை, பசியுந்தான் இல்லை. பசியில்லாதவன் நம்மிடத்து ஏற்பது சோற்றை அன்று, நம்மிடமுள்ளவற்றுள் இதுவே சிறந்ததென்று நாம் தேர்ந்தெடுக்கும் அன்பை.

இளையான்குடிமாற நாயனார் மனையிலோ உலை ஒன்றே. மழையிரவில் அடியார் வேடத்தில் வந்த பெருமானுக்காக, நாயனார் அன்று பகல் வித்திய முளைநெல்லை வாரிக் கொணர, மனைவியார் அதனைக் கழுவி, வறுத்து, குற்றி அரிசியாக்கிச் சோறு சமைத்தார். புன்செய்க் குறும்பயிரைப் பறித்துவந்து கறியமுது ஆக்கினார். விறகோ கூரையின் வரிச்சு. அந்நள்ளிரவில் தவிடு போக நெடிது தீட்டியிருப்பர் என்று நினைத்தற்கு இடமில்லை. முளைத்த நெல், கன்மத்திற்கு உவமையாய முளையொடும் மாயைக்கு உவமையாய தவிட்டொடும் கூடியது. அத்திருவமுதுக்கே பெருமான் ஒளியுருவாய்க் காட்சி கொடுத்தருளினன்.

இதனைக் கேட்டபின் அன்பர் மறுத்திலர். எஞ்சியது சமையல் முறை. அதனையும் வீட்டார் பொருட்டுச் சில சொல்லுவேம்.

கைக்குத்தற் பச்சரிசி கடைகளிற் கிடைக்கின்றது. அப்பெயரால் விற்பன பல உரலிற் குத்தியனவல்ல; உமியை மாத்திரம் உரிக்கும் பொறியில் வந்தன. அதனாற் குறையொன்றுமில்லை. உலக்கையைப் புகழ்ந்து பேசுவார், விடியுமுன் எழுந்து அதனைப் பிடித்த பெண்டிர் கைகளை மறந்தே பேசுகின்றனர். தவிட்டில் எண்ணெய் உண்மையின் இவ்வரிசி நெடுநாள் வைத்திருந்தாற் காறல் எடுக்கும். வண்டும் விரைந்து பற்றும். பதினைந்து நாளைக்கு வேண்டுமளவே வாங்குதல் நலம். காறலெடுத்த அரிசி நிவேதனத்திற்கு ஆகாது; அது தவிட்டின் குற்றமன்று, வாங்கி வைத்தவர் குற்றம். நெல்லும் கல்லும் உமியும் தெரிந்து நீக்கல் வேண்டும். பூசைக்கு வேண்டிய தூய்மை இதுவே. இருமுறை களைதல் அமையும். நீர் தெளியுமளவும் பலமுறை கசக்கிக் களைவதாற் சத்துக் கரைந்து ஓடும். இரண்டாவது கழுநீரைக் குழம்பிற்கோ கீரைக்கோ கொள்ளலாம். பின்னர் ஒரு நாழிகைக்குக் குறையாது, கூடுமாயின் இரண்டு மூன்று நாழிகை ஊறவைத்து, வெள்ளரிசிக்கு இடுவதினும் மிகுந்த நீரில், கஞ்சி வடியாது பொங்கி இறக்குக. உடன் படைப்பதற்குப் பாசிப்பருப்பும் ஒரு கீரையும் போதும். பொட்டலத்தில் அடைத்து வரும் பொடிகளைத் தேடி அலையவேண்டா.

புழுங்கலரிசியை நிவேதிக்கலாமோ என்று வேறு சிலர் எம்மை வினவியதுண்டு. ஒருமுறை அவித்தது ஆகலின் அதனைத் திருக்கோயில்களிற் கொள்ளாமை நெடுநாள் வழக்கு. அவ்வழக்கை மாற்றுமாறு கூற யாம் புகுந்திலேம். தத்தம் ஆசாரியர் மரபு நோக்கி ஒழுகுக. கைக்குத்தற் பச்சரிசிக்கு அத்தடை இல்லாமையே ஈண்டு வேண்டப்படுவது.

அன்பர் மனையில் இப்பொழுது ஓர் உலையே ஏறுகின்றது. முதல் நாள் அரிசியை ஊறவைக்க மறந்து, பூசை முடிந்தும் சோறு வேகாமல், நிவேதனத்திற்குக் காத்திருந்தனராம். அதனால் அன்று பாடத்திற்கு அரைமணி தாழ்த்து வந்தார். யாமும் அதுவரை ஏட்டைத் திறவாது இருந்தேம்.