அம்மம்மாவின் இராகமும் வீட்டுக் கணினியும்

தவக்காலம் பிறந்துவிட்டால் எமது ஆலயங்களில் வியாகுலப் பிரசங்கம் ஒலிக்கத் தொடங்கும். 1705 ஆம் ஆண்டு கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதிவைத்த அந்நூலின் சொற்கள் அச்சில் பத்திரமாக உள்ளன. ஆயின் அச்சொற்களை நீட்டியும் குழைத்தும் வாசிக்கின்ற இராகமோ அச்சுப் பக்கத்தில் இல்லை. அது முதியோரின் குரலிலேயே குடியிருக்கின்றது. எங்கள் இல்லத்தில் அக்குரல் 81 வயதான என் தாயாருடையது.

இசைத் தயாரிப்பு என்றால் தாளங்களைக் கணினியில் அடுக்குவதே என எண்ணியிருந்த என் மகன், அம்மம்மாவின் வாசிப்பைப் பதிவுசெய்ய முன்வந்தான். பழைய கணினி, யூ.எஸ்.பி. ஒலிவாங்கி, ஹெட்போன் ஆகியனவே அவனிடம் இருந்த கருவிகள். மென்பொருளுக்கும் செலவில்லை. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999 இல் உருவாகத் தொடங்கி, 2000 இல் வெளியான ஓடாசிற்றி இன்றும் இலவசமாகவே கிடைக்கின்றது.

முதற் பதிவு வீணாயிற்று. இறுவட்டுத் தரத்தில் பதியும்போது கணினி ஒலியை வினாடிக்கு 44,100 தடவை அளந்து எண்களாக எழுதிக்கொள்கின்றது. அவ்வெண்களுக்கு ஓர் உச்ச எல்லை உண்டு. குரல் அதனைத் தாண்டினால், திரையில் தெரியும் ஒலியலையின் முகடுகள் கத்தியால் சீவியதுபோல் மட்டமாகிவிடும், கேட்கையில் கரகரக்கும். அவ்வாறு சிதைந்ததை முழுமையாக மீட்க வழியில்லை. தாய் மரியாளின் புலம்பல் உச்சத்தைத் தொட்ட இடத்திலேயே எமக்கு இது நேர்ந்தது. மிக உரத்த ஒலியும் எல்லைக்கு 6 முதல் 12 டெசிபெல் வரை கீழே நிற்கும்படி ஒலிமட்டத்தைக் குறைத்துவைத்திருந்தால் போதுமாயிருந்தது. மறுபடி வாசிக்குமாறு 81 வயதானவரைக் கேட்பது எளிதன்று. என் மகன் அன்று தலைகுனிந்தே இருந்தான்.

மறுவாரம் சேலைகள் நிறைந்த அலுமாரி உள்ள அறைக்கு மாறினோம். வெறுஞ்சுவர் எதிரொலிக்கும், துணி ஒலியை உறிஞ்சும். ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் 'ப' போன்ற எழுத்துகள் வெடித்து ஒலிக்கமாட்டா. வெக்கைக்காக மின்விசிறியை மட்டும் நிறுத்தாது விட்டோம். அதன் இரைச்சலைப் பின்னர் மென்பொருளால் அகற்றிவிடலாம் என்பது மகனின் கணிப்பு. தனித்த இரைச்சலின் மாதிரியைக் கொடுத்தால், மென்பொருள் அதனைப் பதிவு முழுவதிலிருந்தும் கழித்துவிடும் என்பது உண்மையே. ஆனால் அளவு மிஞ்சினால் குரலின் சதையும் சேர்ந்தே போகும். அதனைக் கேட்ட அம்மம்மா, "இதென்ன தம்பி, கிணத்துக்குள்ள இருந்து படிக்கிற மாதிரிக் கிடக்கு?" என்றார். மூலப்பதிவைத் தொடாமல், பிரதியில் மாத்திரமே அவன் திருத்தம் செய்திருந்தமை நல்லதாயிற்று. மூன்றாம் தடவை விசிறியை நிறுத்தினோம்.

அடுத்து, கீபோர்ட்டில் பின்னணி சேர்க்க அவன் விரும்பினான். முடியவில்லை. அம்மம்மா தொடங்கிய சுருதிக்கும் முடித்த சுருதிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு முழுச் சுரம் ஏறியிருந்தது. மூச்சு முடியும் இடத்தில் வரி முடிந்தது. எந்த மெட்ரோனோமும் அதற்குப் பொருந்தவில்லை. 1997 முதல் சுருதியைத் திருத்தும் மென்பொருள்கள் உலகில் உண்டு. அவற்றால் இதனையும் நேராக்கலாம். "நேராக்கினால் அம்மம்மா இருக்கமாட்டா அம்மா" என்று மகனே அதனைக் கைவிட்டான். இத்தனை மாதங்கள் அவன் கற்றவற்றுள் இதனையே நான் பெரிதாக மதிக்கின்றேன்.

இப்போது அப்பதிவு வேவ் கோப்பாக இரு இடங்களில் உள்ளது. எம்பி3 கோப்பு இடத்தைச் சேமிக்கும், ஆனால் ஒலியின் ஒரு பகுதியை நிரந்தரமாகக் கழித்துவிடும். எனவே அது உறவினருக்கு அனுப்ப மாத்திரமே. ஒற்றைத் தடத்தில் நிமிடத்துக்கு 5 மெகாபைற் என்பது இன்றைய கணினிக்குப் பாரமன்று.

முதற் பிரசங்கம் முடிந்துள்ளது. இரண்டாவதற்கு அம்மம்மாவின் இருமல் தணியக் காத்திருக்கின்றோம்.