துவக்கின் அழகும் படத்தின் அறமும்

புகைப்படக்கலையைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் மலரையும் மழலையையும் மலைச்சாரலையும் நாடுவது இயல்பு. துவக்கைப் படம்பிடிக்க விழைவோர் சிலரே. "கொலைக் கருவியிலே அழகு காண்பதா?" என்று முகஞ்சுளிப்போர் பலர். அவ்வினா நியாயமானதே. சப்பிரகமுவத் தோட்டப் பகுதியில் ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டு, ஓய்வு வேளைகளிற் படம்பிடித்து வந்தவன் என்ற முறையில், அதற்கு விடை காண முயல்கின்றேன்.

வெள்ளைத் துரைமார் காலத்துப் படங்களைப் பார்த்தவர்கள் ஒரே தோற்றத்தை மீண்டும் மீண்டும் கண்டிருப்பர். வீழ்ந்த விலங்கின்மேல் ஒரு காலை ஊன்றி, துவக்கை ஏந்தி நிற்பார் துரை. ஓரத்திலே தடம் பார்த்தவரும் சுமை தூக்கியவரும் நிற்பர். படத்தின் கீழே துரையின் பெயர் இருக்கும். மற்றவர்களின் பெயர் இராது. அங்கே துவக்கு ஒரு செங்கோல். அதன் கைவேலையை எவரும் நோக்குவதில்லை.

ஆனால் துவக்கு கைவினைப் பொருளுமாகும். மேனாட்டுத் துவக்குகளிலே பொறி வலப்புறம் அமைவது வழக்கம். பழைய சிங்களத் துவக்குகளிலோ அது இடப்புறம் அமைந்திருக்கும். தந்தமும் வெள்ளியும் இழைத்த அடிக்கட்டைகளும் உண்டு. கண்டி மன்னனுக்கு லெவ்கே திசாவை அளித்த சிறு பீரங்கி இக்கலையின் உச்சம் எனலாம். பொன், வெள்ளி, மாணிக்கம் ஆகியவற்றால் அணிசெய்யப்பட்ட அதனை, நாயக்க மன்னன் கீர்த்தி சிறி இராசசிங்கன் ஆண்ட காலத்தில், 1765ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கவர்ந்து சென்றனர். நெடுங்காலம் அம்ஸ்ரடாம் அரும்பொருளகத்தில் இருந்த அது, 2023ஆம் ஆண்டின் இறுதியில் தாயகம் திரும்பியது.

இத்தகைய கைவினைகளைப் படமாக்கும் நெறியை நமக்குக் காட்டியவர்களுள் ஆனந்த குமாரசுவாமியின் துணைவியார் எதெல் ஒருவர். கனிப்பொருள் ஆய்வுப் பணியில் அமர்ந்திருந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பகுதியில் 1904இல் வெளிப்பட்ட தோரியனைற்று என்னும் கனிப்பொருளோடு பெயர் இணைந்தவர். சிங்களக் கைவினை பற்றி 1908இல் அவர் வெளியிட்ட பெருநூலுக்குப் படங்கள் எடுத்தவர் எதெல். செய்தவனின் விரல்வேலையைத் தெளிவாகக் காட்டுவதே அத்தகைய படங்களின் பயன்.

வீட்டிலே இதனைச் செய்வதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. முதல் விதி பாதுகாப்பு. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகருவிகள் கட்டளைச் சட்டத்தின்படி உரிமம் பெற்றவரே துவக்கை வைத்திருக்கலாம். அவரே அதை எடுத்து வைக்கட்டும். வாய்வழி மருந்திடும் பழந்துவக்குகளில் என்றோ இட்ட மருந்து இன்னும் கிடக்கக்கூடும். விவரமறிந்தவர் சோதித்து, வெறுமை என்று உறுதி செய்த பின்னரே படமெடுக்கத் தொடங்கவேண்டும். அப்போதும் குழல்வாய் எவரையும் நோக்கலாகாது.

அடுத்தது ஒளி. மழைக்குப் பேர்போன இரத்தினபுரியின் மப்பு வானம் இக்கலைஞனுக்கு வாய்த்த வரம். நேர்வெயில் இரும்பிலே பட்டால் வெண்தழும்புகள் தோன்றும். மேகம் வடித்த ஒளியோ குழலின் நெடுக மெல்லிய கோடாக ஓடும். வெயில் நாளாயின் யன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டிவிடலாம். மெருகிட்ட குழல் ஒரு கண்ணாடி என்பதை மறத்தல் கூடாது. எதிரே நிற்பவரின் சட்டையும் அதிலே தெரியும்; ஆகவே கறுப்புத் துணியின் மறைவில் நிற்பது நன்று. எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினால் நிழலுள்ளும் செதுக்கு வேலை துலங்கும். பின்னணிக்குப் பழஞ்சாக்கோ மரப்பலகையோ போதும். விரற்சுவடுகளைத் துடைத்துவிட்டு, பொறிப்பக்கம் கமெராவை நோக்க வைத்து, குதிரையின் மேற் குவியத்தை நிறுத்தவேண்டும். கைத்தொலைபேசியாயினும் அசையாமல் ஊன்றி வைத்தால் படம் தெளிவுறும்.

இவ்வாறெல்லாம் செய்தால் அழகிய படம் கிடைக்கும். ஆயினும் அவ்வழகு முழு உண்மையாகுமா? 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிசாரின் சூட்டுக்குப் பலியானார். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு இலட்சுமணனும் அவ்வாறே வீழ்ந்தார். மலையக மக்களின் நினைவிலே துவக்கு வெறும் கைவினைப் பொருளன்று.

இன்றும் காட்டோரங்களிலே கட்டுத்துவக்கு என்னும் கொடுமை உண்டு. பன்றிக்கென்று ஒற்றையடிப் பாதையின் குறுக்கே கம்பியிழுத்துக் கட்டும் அச்சட்டவிரோதக் கருவி, விறகு பொறுக்கச் செல்பவரின் காலைப் பறித்துவிடுகிறது. கட்டுத்துவக்கை நான் படம்பிடித்ததில்லை. அதனாற் காலிழந்த முதியவர் ஒருவரைப் படம்பிடித்திருக்கின்றேன். லயத்து வாசலில் அமர்ந்து அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே: "மாஸ்டர், கால மட்டும் எடுக்காதீங்க. மொகத்தையும் சேத்து எடுங்க."

படக்கலை பற்றிய நூல்கள் எவையும் எனக்கு இத்துணைச் சுருக்கமாக ஒரு பாடத்தைப் புகட்டியதில்லை. துரைமாரின் படங்களில் ஓரத்தில் நின்றவர்கள் இழந்ததும் அதுவேயன்றோ? முகம் இருந்தது, பெயர் இல்லை. அன்று தொட்டு, துவக்கைப் படம்பிடிக்கும்போது அதனைப் பேணி வந்தவரின் கையையோ முகத்தையோ, அவர் இசைந்தால், உடன் ஒரு படமாக எடுத்துக்கொள்கின்றேன். படத்தின் பின்புறத்தில் நாளும் ஊரும், செய்தவர் யார், சுமந்தவர் யார், எதற்குப் பயன்பட்டது என்பனவும் தெரிந்த அளவுக்கு எழுதி வைக்கின்றேன்.

கொலைக் கருவியில் அழகு காணலாமா என்ற வினாவுக்கு என் விடை இதுதான்: காணலாம், அக்கருவியின் வரலாற்றை மறைக்காதவரை. மாணவர் கையிலெல்லாம் கமெரா புகுந்துவிட்ட காலம் இது. துவக்கை ஏந்தி வீரனெனத் தோன்றும் ஆசையும் உடன் புகுந்திருக்கிறது. அவ்வாசையைக் கடிந்து மட்டும் பயனில்லை. பழம் பொருளை நிதானமாக நோக்கவும், அதன் பின்னுள்ள மனிதரைப் பெயர் சொல்லி அறியவும் பழக்குவோமாயின், அவர்கள் எடுக்கும் படம் வெறும் பகட்டாக நில்லாது. நாளைய வரலாற்றாசிரியனுக்கு அது நம்பத்தகுந்த சான்றாகவும் அமையும்.